குடிபெயர்வோருடன் பயணித்த ஹெபடைடிஸ் பி வைரஸ்: தொன்மையான மரபணுக்கள் கூறுவது என்ன?

இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, பாலக்காட்டின் நெல்லியாம்பதி தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளுக்கு முன்பே சென்றனர். இன்று அசாம், ஜார்க்கண்ட் மாநிலத்தவரும் வருகின்றனர்.

ஹெபடைடிஸ் பி வைரஸும் இவ்வாறே மனிதருடன் நகர்ந்தது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றினால், பெரும்பாலும் ஆயுள் முழுவதும் உடலில் தங்கிவிடும். எனவே குடும்பம் செல்லுமிடமெல்லாம் அதுவும் செல்கிறது; சேர்ந்து உண்பதால் பரவுவதில்லை.

2021-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, 137 தொன்மையான வைரஸ் மரபணுத் தொகுதிகளை ஆராய்ந்தது. ஐரோப்பாவில் வேளாண் குடிகள் பரவியபோது, அங்கு வாழ்ந்த வேட்டைச் சமூகத்தினரின் வைரஸ் வகை மறைந்தது அதில் தெரியவந்தது.

இந்தியாவில் டி வகையே மிகுதி. ஏ வகையும் உண்டு. கிழக்கு, வடகிழக்கு மாநிலங்களில் காணப்படும் சி வகையில் கல்லீரல் புற்றுநோய் அபாயம் கூடுதல்.

தடுப்பூசி அனைத்து வகைகளுக்கும் ஒன்றே. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தவணை செலுத்தப்பட வேண்டும். தோட்டக் குடியிருப்பிலேயே பிரசவம் நிகழ்ந்தால், தவறிப்போகக்கூடியது அந்தத் தவணைதான்.