கணக்கு சொல்லாததை யார் சொல்வார்?
உழவர் அனுபவத்தைக் கேட்டுப் பதிவு செய்யும் முறை

வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில் எத்தனை ஏக்கர் நெல், எத்தனை ஏக்கர் மல்லாட்டை, எத்தனை பேர் இயற்கை வேளாண்மைக்குப் பதிவு செய்தார்கள் என்ற கணக்கெல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். கணக்கு வேண்டியதுதான், அது இல்லாமல் திட்டம் போட முடியாது. ஆனால் ஒரு கேள்விக்கு அந்தக் கணக்கில் பதில் கிடைக்காது. ரெண்டு வருஷம் ரசாயனம் போடாமல் பண்ணையம் பார்த்தவர், மூணாம் வருஷம் மறுபடியும் யூரியா மூட்டையைத் தூக்கிக்கிட்டு வருகிறாரே, ஏன்?

படிவத்தில் 'கைவிட்டார்' என்று ஒரு டிக் விழும். காரணம் என்ற கட்டத்தில் 'மகசூல் குறைவு' என்று எழுதி முடித்துவிடுவார்கள். அதே மனிதரோடு திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிப் பாருங்கள். களை எடுக்க ஆள் கிடைக்காமல் போயிருக்கலாம். நிலம் குத்தகையாக இருந்து, மண் கொஞ்சம் தேறினதும் நிலத்துக்காரர் திருப்பிக் கேட்டிருக்கலாம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு மாட்டை விற்றதால் ஜீவாமிர்தம் போட முடியாமல் போயிருக்கலாம். விளைந்த நெல்லை வழக்கமான வியாபாரிக்கு வழக்கமான விலைக்கே போட்டிருக்கலாம். சாணி அள்ளுவது, கரைசல் கலக்குவது எல்லாம் வீட்டுப் பெண்கள் தலையில் விழுந்து, "இனி என்னால ஆவாது" என்று அவர்கள் சொல்லியிருக்கலாம்.

இந்த அஞ்சுக்கும் அஞ்சு வேறு வேறு வைத்தியம் வேணும். 'மகசூல் குறைவு' என்று மட்டும் எழுதிக்கொண்டால் ஒரே மருந்தைத்தான் எல்லாருக்கும் கொடுப்போம். 2023 மார்ச்சில் தமிழ்நாடு அரசு அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. மானியம், பயிற்சி, சான்றிதழ் என்று நிறைய பேசுகிறோம். அதெல்லாம் எங்கே உதவுகிறது, எங்கே இடறுகிறது என்று தெரிய வேண்டுமானால், அனுபவித்தவர் வாயால் கேட்கணும். இப்படிக் கேட்டுப் புரிந்துகொள்கிற முறைக்குத்தான் பண்புசார் ஆய்வு என்று பெயர். அளவுசார் ஆய்வு எத்தனை, எவ்வளவு என்று எண்ணும். பண்புசார் ஆய்வு ஏன், எப்படி என்று கேட்கும்.

நம்ம மாவட்டத்திலேயே நடந்தது

இது ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தன் மாணவர்களைக் கேள்வித்தாளோடு கிராமங்களுக்கு அனுப்பினார். அந்த ஆய்வுகள் 1918-ல் புத்தகமாக வந்தன. அதில் உள்ள ஊர்களில் ஒன்று தூசி. அன்றைக்கு வட ஆற்காடு, இன்றைக்கு நம்ம திருவண்ணாமலை மாவட்டம். 1930-களிலும் 1980-களிலும் ஆய்வாளர்கள் அதே தூசிக்குத் திரும்பப் போய், என்ன மாறியது என்று பார்த்தார்கள்.

அடுத்தது பசுமைப் புரட்சிக் காலம். 1973-74-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து வட ஆற்காட்டுக் கிராமங்களில் ஒரு பெரிய ஆய்வு நடத்தின. புதிய நெல் ரகங்கள் எவ்வளவு பரவின என்பது முக்கியமான கேள்வி. ஊரில் போய்ப் பார்த்தபோது, அரசுக் கணக்கு காட்டிய பரப்பை விட உண்மையான பரப்பு நன்றாகக் குறைவு என்று தெரிந்தது.

அந்தக் குழுவைச் சேர்ந்த ஜான் ஹாரிஸ், ராந்தம் என்ற கிராமத்தில் தங்கி அங்கத்திய வாழ்க்கையைக் கவனித்தார். யார் புது ரகம் போட்டார்கள் என்பதோடு அவர் நிற்கவில்லை. கிணறு யாருடையது, கடன் யார் கொடுக்கிறார், விளைந்ததை யாருக்குப் போட வேண்டியிருக்கிறது, கூலி ஆளுக்கும் நிலத்துக்காரருக்கும் என்ன உறவு என்று பார்த்தார். விதை தனியாக ஊருக்குள் வருவதில்லை, தண்ணீரையும் கடனையும் வியாபாரியையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறது என்பதை அங்கே இருந்து பார்த்தால்தான் புரியும். 1990-களில் இதே பகுதிக்கு மறுபடியும் ஆய்வாளர்கள் வந்தபோது, ஒருவரைப் பார்த்து ஒருவர் போட்டி போட்டுக் கிணற்றை ஆழமாக்கி, தண்ணீர் கீழே கீழே போய், கடனில் சிக்கிய கதை பெரிதாக வெளிப்பட்டது.

தார் ரோட்டைத் தாண்டி

1973-74 ஆய்வில் இருந்த இன்னொருவர் ராபர்ட் சேம்பர்ஸ். நீளமான கேள்வித்தாள்கள், மலை மாதிரி குவியும் தாள்கள், அதை எண்ணி முடிப்பதற்குள் ஓடிப்போகும் காலம் இதையெல்லாம் அவர் பக்கத்தில் இருந்து பார்த்தார். 1983-ல் எழுதிய புத்தகத்தில், கிராமத்தைப் பார்க்க வருகிறவர் கண்ணில் எதெல்லாம் படாமல் போகிறது என்று பட்டியல் போட்டார். முதலாவது, தார் ரோடு ஓரத்து ஊரும் நகரத்துக்குப் பக்கத்து ஊரும்தான் பார்க்கப்படும். இரண்டாவது, திட்டம் நடக்கிற இடம் மட்டும்தான் காட்டப்படும். அப்புறம், தலைவர்கள், ஆண்கள், 'முன்னோடி விவசாயிகள்' மட்டும்தான் பேசுவார்கள். மழைக்காலத்துக் கஷ்டம் தெரியாமல், காய்ந்த காலத்தில்தான் வருவார்கள்.

நம்ம மாவட்டத்தில் வைத்துப் பாருங்கள். வேலூர் ரோட்டில் இருக்கிற வேங்கிக்கால் கழனிக்கு யாரும் எப்ப வேணும்னாலும் வந்து போகலாம். ஜவ்வாது மலையில் சாமை போடுகிறவரைத் தேடி எத்தனை பேர் போகிறார்கள்?

மற்ற துறைகளில்

மருத்துவத்திலும் இதே பாடம்தான். கண்புரை அறுவை இலவசம் என்று சொல்லியும் கிராமத்துப் பெரியவர்கள் பலர் வரவில்லை. அறியாமை என்று சொல்லிவிடுவது சுலபம். கேட்டுப் பார்த்தபோது பஸ் கட்டணம், சாப்பாட்டுச் செலவு, கூட வருகிற ஆளின் ஒரு நாள் கூலி, பயம் என்று காரணங்கள் வந்தன. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை முகாம் நோயாளிகளை வண்டி வைத்து அழைத்துப் போய், சாப்பாடும் கொடுத்து, திரும்பக் கொண்டுவந்து விடுவதன் அர்த்தம் இங்கேதான் இருக்கிறது.

ஆப்பிரிக்காவில் ருவாண்டா நாட்டில் 1980-களின் கடைசியில், ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த பீன்ஸ் ரகங்களைத் தேர்வு செய்ய உள்ளூர்ப் பெண்களை அழைத்தார்கள். அவர்கள் பொறுக்கிய ரகங்கள் அவர்கள் நிலத்தில் நன்றாக நின்று விளைந்தன. எந்த மண்ணுக்கு எது, எது சீக்கிரம் வேகும், எது வாழைக்கு அடியில் வரும் என்பது போன்ற அறிவு படிவத்தில் கேட்கப்படுவதே இல்லை.

நாமே செய்யலாம்

இதற்குப் பட்டம் வேண்டாம். ஒரு உழவர் குழுவில் நாலு பேர் சேர்ந்தால் போதும்.

1. யாரைக் கேட்பது? ஜெயித்தவரை மட்டும் கேட்காதீர்கள். விட்டுப் போனவர், குத்தகைக்காரர், கூலிக்குப் போகிறவர், பெண்கள் எல்லாரும் வேணும். பெண்களோடு பெண்களே பேசினால் நல்லது.

2. எப்படிக் கேட்பது? "மகசூல் குறைஞ்சுதா?" என்றால் ஆமாம் அல்லது இல்லைதான் பதில். "முதல் வருஷம் ஆடியிலிருந்து என்ன நடந்துச்சு, சொல்லுங்கண்ணே" என்றால் கதை வரும். நடுவில் புகுந்து யோசனை சொல்லாதீர்கள்.

3. எங்கே கேட்பது? கழனியில் நடந்துகொண்டே கேளுங்கள். வரப்பையும் கிணற்றையும் பார்த்தால் மறந்ததெல்லாம் நினைவுக்கு வரும்.

4. புளியங்கொட்டை முறை. தரையில் பன்னிரண்டு மாசத்துக்கும் கோடு போட்டு, வேலை அதிகமான மாசத்தில் அதிகக் கொட்டை வைக்கச் சொல்லுங்கள். கடனுக்கும் அதேபோல. ஆணும் பெண்ணும் தனித்தனியாக வைத்தால் இரண்டும் ஒன்றாக இருக்காது.

5. அவர்கள் சொல்லிலேயே எழுதுங்கள். "மண்ணு செத்துப் போச்சு" என்றால் அப்படியே எழுதணும், 'மண்வளம் குன்றியது' என்று மாற்ற வேண்டாம். கேட்பதற்கு முன் அனுமதி வாங்குங்கள். பேரை வெளியில் சொல்லாதீர்கள், கடன் விஷயம் கசிந்தால் பாதிப்பு அவருக்குத்தான்.

6. பிரித்து அடுக்குங்கள். ஒரே மாதிரி விஷயங்களைச் சேர்த்துவைத்தால் ஆள், தண்ணீர், குத்தகை, விலை என்று தலைப்புகள் தானாக வரும். புதிதாக ஏதாவது வருகிற வரைக்கும் ஆட்களைத் தேடிப் போங்கள். வராமல் போனால் நிறுத்தலாம்.

7. திருப்பிச் சொல்லுங்கள். "நீங்க சொன்னதை நாங்க இப்படிப் புரிஞ்சுக்கிட்டோம், சரியா?" என்று கேட்டவர்களிடமே போய்க் கேளுங்கள்.

ரெண்டு எச்சரிக்கை

பதினஞ்சு பேரிடம் பேசிவிட்டு, "மாவட்டத்தில் பாதிப் பேருக்கு ஆள் பிரச்சினை" என்று சொல்லக்கூடாது. எத்தனை பேர் என்பது கணக்கெடுப்பின் வேலை. என்ன கேள்வியைக் கணக்கெடுப்பில் சேர்க்கணும் என்று சொல்வது நம்ம வேலை. இரண்டும் ஒன்றுக்கொன்று துணை.

இன்னொன்று நம்மைப் பற்றியது. இயற்கை வேளாண்மை ஜெயிக்கணும் என்று ஆசைப்படுகிறவர்கள் நாம். அதனால் ஜெயித்த கதையே காதில் விழும். நாம் போனாலே எதிரில் இருப்பவர் நமக்குப் பிடித்ததைத்தான் சொல்வார். எனவே நம் முடிவுக்கு ஒத்துவராத ஒருவரை வேண்டுமென்றே தேடிப் போய்க் கேட்கணும். நம்மாழ்வார் 1960-களில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து, அங்கே செய்வது மானாவாரி உழவருக்கு உதவவில்லை என்று வெளியே வந்தவர். நிலையத்து முடிவைவிட உழவர் படும் பாட்டை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டார். அந்த நேர்மையை நம்ம இயக்கத்தின் மேலும் நாம் காட்டத்தான் வேணும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு உங்கள் ஊரில் இயற்கை வழியை விட்டுப்போன ரெண்டு பேரை அழைத்து வாருங்கள். சமாதானமோ அறிவுரையோ சொல்லாமல், அவர்களை முதலில் பேச விடுங்கள். ஒருவர் எழுதட்டும், மற்றவர்கள் கேட்கட்டும்.