பிரெஞ்சு மொழியில் எண்ணநிலை இறந்தகாலம்

ஒருவன் செய்த செயலைக் கூறுதல் வேறு. அவன் அதனைச் செய்யவேண்டுமென விரும்பியதையோ, செய்துவிடுவானோவென அஞ்சியதையோ கூறுதல் வேறு. முன்னையது நிகழ்ச்சி, பின்னையது உள்ளத்தின் எண்ணம். இவ்விரண்டையும் வினையின் ஈற்றினாலேயே பிரித்துணர்த்தும் மொழிகளுள் பிரெஞ்சும் ஒன்று. எண்ணத்தைக் குறிக்கும் வினைவடிவத்தை ஆங்கில இலக்கணகாரர் 'சப்ஜங்டிவ்' என்பர். ஈண்டு அதனை எண்ணநிலை என வழங்குவோம். துணைவினையின் உதவியின்றி அமையும் எண்ணநிலை வடிவங்கள் நிகழ்காலம், இறந்தகாலம் என இரண்டாம். மாணாக்கர் பெரிதும் அஞ்சுவது பின்னதனையே.

தமிழ் மாணாக்கர்க்கு இது புதுமையாய்த் தோன்றுதல் இயல்பே. 'அவன் பேசவேண்டுமென விரும்புகிறேன்', 'அவன் பேசவேண்டுமென விரும்பினேன்' என்னும் இரு தொடர்களிலும் தலைமைவினையின் காலம் மாறியும் 'பேசவேண்டும்' மாறவில்லை. பிரெஞ்சின் பழைய நெறியிலோ, தலைமைவினை இறந்தகாலமாயின் அதனைச் சார்ந்த எண்ணநிலை வினையும் இறந்தகால வடிவத்தைப் பெறல் வேண்டும். ஆகவே, முதற்றொடரில் 'பார்ல்' என நிற்கும் சார்புவினை இரண்டாவதில் 'பார்லா' எனத் திரியும்.

இவ்வடிவத்தை ஆக்கும் முறை எளிது. கதைகளிலும் வரலாற்று நூல்களிலும் பயிலும் எளிய இறந்தகாலம் என ஒன்று பிரெஞ்சில் உண்டு. அதன் முன்னிலை ஒருமை வடிவத்தை எடுத்துக்கொள்க. அது எழுத்தில் 'ஸ்' என்னும் மெய்யோடு முடியும், அம்மெய் ஒலிக்கப்படுவதில்லை. அதனோடு விகுதியைச் சேர்த்தவுடன் உறங்கிய அம்மெய் ஒலிக்கத் தொடங்கும். 'பேசு' என்னும் பொருளுடைய 'பார்லே' என்ற வினை வருமாறு:

தன்மை ஒருமை: பார்லஸ்
முன்னிலை ஒருமை: பார்லஸ்
படர்க்கை ஒருமை: பார்லா
தன்மைப் பன்மை: பார்லஸியோன்
முன்னிலைப் பன்மை: பார்லஸியே
படர்க்கைப் பன்மை: பார்லஸ்

எழுத்தில் ஆறும் வேறுவேறு, ஒலியில் நான்கே. 'முடி' என்னும் பொருளுடைய 'ஃபினீர்' என்பது 'ஃபினிஸ்' எனவும், 'வா' என்னும் பொருளுடைய 'வெனீர்' என்பது 'வேன்ஸ்' எனவும், 'இரு' என்னும் பொருளுடைய 'எத்ர்' என்பது 'ஃபியூஸ்' எனவும் வரும். ஒழுங்கில்லா வினைகளும் இவ்விதிக்கு அடங்குதல் காண்க. 'ஃபினீர்' போன்ற வினைகளில் எண்ணநிலையின் இரு காலங்களும் ஐந்து இடங்களில் ஒன்றாகவே இருக்கும். படர்க்கை ஒருமை ஒன்றே அவற்றை வேறுபடுத்தும்.

அப்படர்க்கை ஒருமையே கூர்ந்து நோக்கற்பாலது. அதன் ஈற்றயல் உயிரெழுத்தின்மேல் கூரைபோன்றதொரு குறி இடப்படும். முற்காலத்தில் அவ்விடத்தே ஒலியாத ஸகர மெய் எழுதப்பட்டது. பிரெஞ்சு அக்கடமி 1740ஆம் ஆண்டு வெளியிட்ட அகராதியின் மூன்றாம் பதிப்பு, இத்தகைய ஸகரங்கள் பலவற்றை நீக்கிக் குறியை ஏற்றது. எனவே, அக்கூரை மறைந்த எழுத்தொன்றின் நினைவுச்சின்னமாம்.

ஆயினும், அது வெறும் நினைவுச்சின்னம் அன்று, பொருளையே மாற்றவல்லது. 'ஃபியூதில் ருவா' என்னும் தொடர் குறியின்றி எழுதப்படின் 'அவன் அரசனாயிருந்தானா?' என வினாவாகும்; குறி பெறின் 'அவன் அரசனேயாயினும்' எனப் பொருள்படும். 'இல் யூ பார்லே' என்பது குறியின்றி நிற்பின், அவன் பேசி முடித்தான் என்பது கருத்து. குறி பெற்றால், அவன் பேசியிருப்பான், ஆனால் பேசவில்லை என்பது கருத்து. செவிக்கு இரண்டும் ஒன்றே. வரலாற்று நூலொன்றை வாசிப்பவன் இக்குறியைக் கவனியாது விடின், நிகழாததை நிகழ்ந்ததாகக் கொள்வான்.

இவ்வடிவம் இன்று பேச்சில் இல்லை. எளிய இறந்தகாலம் பேச்சு வழக்கினின்றும் மறைய, அதனின்று பிறந்த இதுவும் உடன் மறைந்தது. 'பார்லஸியோன்' போன்ற நெடிய ஈறுகள் பிற்காலத்தார் செவிக்கு நகைப்பையும் விளைத்தன. அல்போன்ஸ் அலே என்னும் நகைச்சுவை எழுத்தாளர் இவ்வீறுகளை அடுக்கி ஒரு காதற்பாட்டே இயற்றினார். 1901ஆம் ஆண்டின் கல்வி அமைச்சு ஆணை சில இடங்களில் நிகழ்கால வடிவத்தையும் பிழையெனக் கொள்ளாது விட்டது. 1976ஆம் ஆண்டின் ஆணை அவ்விலக்கை மேலும் விரித்தது. 1990ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் பல சொற்களில் கூரைக்குறியை விட்டுவிடலாம் என்றபோதும், இவ்வினையீற்றில் அதனைக் காத்துக்கொண்டது. பொருள்வேறுபாடு அக்குறியிலே தங்கியிருத்தலே அதற்குக் காரணம்.

பேச்சில் இறந்ததைக் கற்பானேன் எனச் சிலர் வினவுவர். நம் மொழியையே நோக்குக. நன்னூலார் கூறும் வினையெச்ச வாய்பாடுகளுள் வான், பான், பாக்கு என்பவை உள. இன்று அவற்றை எவரும் பேசுவதில்லை. ஆயினும், 'உண்பான் வந்தான்' என்பது 'உண்ணும் பொருட்டு வந்தான்' எனப் பொருள்படுதலை அறியாதவன், 'உண்பான்' என்பதை முற்றாகக் கொண்டு இடர்ப்படுவான். பழஞ்செய்யுளுக்கு அவ்வறிவு எத்துணை இன்றியமையாததோ, புளோபேர், புரூஸ்த் முதலியோரின் உரைநடைக்கு இவ்வடிவத்தின் அறிவும் அத்துணை இன்றியமையாதது.

ஆகவே, பிரெஞ்சு பயிலும் மாணவர் ஆறு வடிவங்களையும் ஒப்புவித்து வருந்துதல் வேண்டா. எளிய இறந்தகாலத்தைச் செவ்வனே கற்க. அதன் முன்னிலை ஒருமையினின்று ஏனையவற்றை ஆக்கப் பழகுக. படர்க்கை ஒருமையின் கூரையைக் காணுமிடந்தோறும் சற்றே நின்று, கூறப்படுவது நிகழ்ச்சியோ எண்ணமோவென வினவுக. பேசுதற்கு வேண்டும் இலக்கணம் ஒன்று. வாசித்தற்கு வேண்டும் இலக்கணம் அதனினும் பெரிது. பின்னதனைப் பெற்றவர்க்கே ஒரு மொழியின் நூற்செல்வம் முழுதும் உரியதாகும்.