கண்டவர் சுவையும் கற்றவர் தீர்ப்பும்

திரைப்படம் பார்த்துவிட்டு வாய் திறவாமல் வீடு திரும்பியவர் எவரேனும் உண்டோ? படம் முடிந்ததும் வழக்குத் தொடங்கிவிடுகிறது. "கதை நன்று" என்பார் ஒருவர்; "கதையே இல்லை" என்பார் மற்றொருவர். தொலைக்காட்சி வந்த பின்னர் இவ்வழக்கு, திரையரங்கின் வாயிலிலிருந்து வீட்டுக் கூடத்துக்குக் குடியேறிற்று. எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் திங்கட்கிழமை காலை மணியடிப்பதற்கு முன் மாணவர் நடத்தும் சொற்போரிலும் பாதி, வார இறுதியில் பார்த்த படத்தைப் பற்றியதே.

இவ்வழக்கில் மூன்றாமவர் ஒருவரும் புகுகிறார். அவரே, ஏடுகளில் மதிப்புரை எழுதும் திறனாய்வாளர். அவருக்கு உரிய இடம் யாது? அவர் நீதிபதியா? அன்றி, நம்மைப்போல் அவரும் ஒரு சாட்சிதானா? ஆசிரியராகிய நமக்கு இவ்வினா வெறும் பொழுதுபோக்கு அன்று. ஏன் என்பதை விளக்க, முதலில் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், ஆறாம் ஆண்டு மாணவர்க்கு நான் தமிழ் கற்பித்தபோது, 'நான் கண்ட திரைப்படம்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். பால்மரம் சீவும் தொழிலாளி ஒருவரின் மகன், ஒரு படத்தைப் புகழ்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். அப்படத்தில் வரும் தந்தை, மகனின் கிழிந்த சட்டையை இரவில் தாமே அமர்ந்து தைக்கும் காட்சி தன்னை அழவைத்தது என்பது அவன் எழுத்தின் சாரம். அப்படத்தைக் குறைகூறி வந்த மதிப்புரை ஒன்றை நான் படித்திருந்தேன். அதனை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டி, "அறிந்தவர்கள் இப்படிச் சொல்லும்போது நீ இவ்வாறு எழுதலாமா?" என்று கேட்டேன், சிவப்பு மையால் மதிப்பெண்ணையும் குறைத்தேன். அவ்வாண்டு முழுவதும் அவன் எழுதிய கட்டுரைகளில் எழுத்துப்பிழை குறைந்துகொண்டே வந்தது. ஆனால் அவனுடைய சொந்தக் கருத்து ஒன்றையேனும் நான் பின்னர் காணவில்லை. அப்படத்தை அந்நாள்வரை நான் பார்த்ததே இல்லை என்பதையும் ஒளியாமல் ஒப்புக்கொள்கிறேன்.

நான் செய்த பிழை யாது? இதற்கு விடை காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியலே அதனைக் காட்டுகிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டு என்பதை நாம் அறிவோம், மாணவர்க்கும் சொல்கிறோம். ஆயின் தொல்காப்பியர் எண்ணிக்கையோடு நின்றாரல்லர். ஒவ்வொரு மெய்ப்பாடும் பிறத்தற்கு நான்கு நிலைக்களன்களை வகுத்தார். அஃதாவது, உணர்ச்சி வானத்திலிருந்து விழுவதன்று. அதற்குப் பிறப்பிடம் உண்டு. ஒருவன் "அழுதேன்" என்றால், "அழக்கூடாது" என்பது மறுமொழி ஆகாது. "அவ்வழுகை எங்கே பிறந்தது?" என்று கேட்பதே முறை. அச்சிறுவனோ நான் கேளாமலே பிறப்பிடத்தைக் காட்டியிருந்தான். நான் காட்டியது பிறர் தீர்ப்பை மட்டுமே.

திறனாய்வாளர் ஒருவரே தம் தீர்ப்பின் பிறப்பிடத்தைத் தேடிச்சென்று, அதனைத் திருத்திக்கொண்ட வரலாறும் உண்டு. அது நடந்தது அமெரிக்காவில், 1967ஆம் ஆண்டில்.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் 'பானி அண்டு கிளைடு' என்னும் படம் வெளிவந்தது. இயக்கியவர் ஆர்தர் பென். தயாரித்துத் தலைமை வேடம் தாங்கியவர் வாரன் பீட்டி. 1930களில் வங்கிகளையும் கடைகளையும் கொள்ளையடித்து, 1934இல் சுட்டுக் கொல்லப்பட்ட இருவரின் கதை அது. 'நியூயார்க் டைம்ஸ்' நாளேட்டின் திறனாய்வாளர் பாஸ்லி குரௌதர் இப்படத்தைக் கடுமையாகத் தாக்கினார். கொலையையும் கொள்ளையையும் வேடிக்கை விளையாட்டாகக் காட்டுவது அறமாகாது என்பது அவர் வாதம். ஒருமுறையோடு நில்லாமல் மேலும் எழுதினார். படம் பார்த்த வாசகர்களோ அவரை மறுத்து அந்நாளேட்டுக்கே கடிதங்கள் எழுதினர்.

குரௌதரை அறியாதவர் என ஒதுக்குதல் நேர்மையன்று. 1940 முதல் அப்பொறுப்பில் இருந்தவர் அவர்; திரைப்படத் தணிக்கையை எதிர்த்து வாதாடியவர். அவருடைய சினமும் பிறப்பிடம் உடையதே.

'நியூஸ்வீக்' வார ஏட்டின் திறனாய்வாளர் ஜோ மார்கன்ஸ்டெர்னும் முதலில் படத்தைத் தாழ்த்தியே எழுதினார். பின்னர் பொதுமக்களோடு ஒருவராக அமர்ந்து மீண்டும் பார்த்தார். அரங்கில் இருந்தோர் படத்தில் ஒன்றியிருந்த விதத்தைக் கண்டார். அடுத்த வாரமே, தாம் முன்பு எழுதியது தவறு என்று அதே ஏட்டில் எழுதினார். அக்டோபரில் பாலின் கேல் என்னும் அம்மையார் 'நியூயார்க்கர்' இதழில் நீண்ட கட்டுரை ஒன்றால் இப்படத்தை ஆதரித்தார். காண்போரின் சிரிப்பு எங்கே எழுகிறது, எங்கே அடங்குகிறது என்பதை அவர் கருத்தில் கொண்டார்.

இதற்குச் சான்றாகும் காட்சி ஒன்று அப்படத்திலேயே இருக்கிறது. வங்கிக்குள் கொள்ளை நடக்கிறது. வெளியே காரோடு காத்திருக்க வேண்டிய இளைஞன், வண்டியை நெருக்கமான ஓரிடத்தில் நிறுத்திவிடுகிறான். கொள்ளையர் ஓடிவரும்போது வண்டி வெளியே வர இயலாமல் முன்னும் பின்னும் திணறுகிறது, அரங்கம் சிரிக்கிறது. அத்தாமதத்தால் வங்கிப் பணியாளர் ஒருவர் வண்டியின் பக்கப்படியில் பாய்ந்து தொற்றிக்கொள்கிறார். கிளைடு அவர் முகத்தில் சுடுகிறான். நகை பிறந்த இடத்திலேயே அச்சம் பிறக்கிறது. சற்றுமுன் சிரித்தவன், தான் எதைக் கண்டு சிரித்தோம் என்று திடுக்கிடுகிறான். குரௌதர் நகையைக் கண்டு வெகுண்டார். படத்தை ஆதரித்தோர், அந்நகை உறைந்துபோன இடத்தைச் சுட்டினர். இரு சாராரும் இடம் சுட்டிப் பேசியதால் அவ்வழக்கு இன்றும் படிக்கத்தக்கதாக இருக்கிறது. 1968இல் குரௌதரின் இடத்துக்கு வேறொருவர் வந்தார். பாலின் கேல் 'நியூயார்க்கர்' இதழின் திறனாய்வாளர் ஆனார்.

அங்ஙனமாயின் பொதுமக்கள் சொல்வதே முடிவு என்று கொள்ளலாமா? அதுவும் பொருந்தாது. நம் தமிழ்ப் படமாகிய 'அந்த நாள்' 1954இல் வெளிவந்தது. எஸ். பாலசந்தர் இயக்க, ஏ.வி.எம். நிறுவனம் தயாரித்த படம். பாடலும் நடனமும் இல்லாத தமிழ்ப் படத்தை அக்காலத்து மக்கள் எதிர்பார்த்திருக்கவில்லை. வசூலில் அது வெற்றி பெறவில்லை. ஆயினும் இன்று தமிழ்த் திரையின் தலைசிறந்த படங்களுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது. 'பாட்டு இல்லை' என்று சொன்னவர் படத்தில் இல்லாததைச் சொன்னார், இருப்பதைப் பார்க்கவில்லை. ஆகவே கூட்டத்தின் குரலும் காரணம் காட்டாதவரை தீர்ப்பாகாது. தனி ஒருவரின் புலமையும் அவ்வாறே.

திறனாய்வாளர் நீதிபதி அல்லர். பயின்ற கண்ணுடைய சாட்சி அவர். நாம் காணத் தவறியதைக் காட்டுவாராயின் அவருக்கு நன்றி செலுத்துவோம். அவர் காணத் தவறியதைக் கண்டிருப்போமாயின் அஞ்சாமல் சொல்லுவோம். நம் உரையாசிரியர்களும் முன்னோர் உரையைக் காரணம் காட்டி மறுத்தவர்களே. மறுத்ததனால் அவர்களின் மதிப்புக் குறையவில்லை.

வகுப்பறையில் இதனைப் பழக்குதல் எளிது. படத்தைப் பற்றிப் பேசும் மாணவனிடம் மூன்று வினாக்களைக் கேட்கலாம். உனக்கு என்ன உணர்ச்சி உண்டாயிற்று? எந்தக் காட்சியில் உண்டாயிற்று? அக்காட்சியில் எது அதனை உண்டாக்கியது: சொல்லா, நடிப்பா, இசையா, மௌனமா? இம்மூன்றுக்கும் விடை சொன்ன பின்னர் ஒரு மதிப்புரையைப் படிக்கக் கொடுத்து, அதனை எழுதியவர் எந்த இடத்தைச் சுட்டுகிறார் என்று தேடச் சொல்லலாம். இடம் சுட்டாத மதிப்புரைகளை மாணவரே கண்டுகொள்வர். குறுந்தொகைப் பாட்டொன்றைச் சுவைக்கவும் இப்பயிற்சியே போதும். திரைப்படத்தில் பழகிய கண், செய்யுளிலும் பழகும்.

முதலில் கருத்து, பிறகு மதிப்புரை. இவ்வரிசையை நான் அன்று மாற்றிவிட்டேன். அச்சிறுவன் பின்னர் மேல்நிலைப் பள்ளிக்குச் சென்றுவிட்டான். அவனுடைய கட்டுரை ஏடும் இன்று என்னிடம் இல்லை. அது மீண்டும் என் கைக்கு வருமாயின், சட்டை தைக்கும் காட்சிக்கு அருகே அதே சிவப்பு மையால், "இவ்விடத்தை இன்னும் விரித்து எழுது" என்று மட்டும் குறிப்பேன்.