பள்ளம் வகுத்த பாட்டு வரிசை

1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் அறிமுகப்படுத்திய நெடுநேர இசைத்தட்டு, அதாவது எல்.பி. ரிக்கார்டு, வினைல் என்னும் நெகிழியால் ஆனது. அரக்கினால் ஆன பழைய தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழன்று நான்கைந்து நிமிடங்களில் ஓய்ந்துவிட, இது 33⅓ முறை மட்டுமே சுழன்று ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் இசையைத் தாங்கியது. 1960களிலும் 1970களிலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தழைத்த ‘கிளாசிக் ராக்’ இசையை நடுவயதில் முதன்முதலாகக் கேட்கத் தொடங்கும் ஒருவர், அத்தொகுப்புகளின் கட்டமைப்பை அறிய இந்தத் தட்டின் இயற்பியலை அறிவது நல்லது.

தட்டின் விளிம்பிலிருந்து மையம் நோக்கிச் சுருளாகச் செல்லும் நுண்ணிய பள்ளத்தின் சுவர்களில் ஒலியலைகள் நெளிவுகளாக வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றின் வழியே ஓடும் ஊசியின் அதிர்வு மின்னலையாக மாறிப் பெருக்கியை அடைகிறது. தாழ்ந்த ஒலிகள் பள்ளத்தை மிக அகலமாக நெளியச் செய்யும் என்பதால், பதியும்போது அவற்றை அடக்கி உயர்ந்த ஒலிகளைத் தூக்கி, கேட்கும்போது பெருக்கியில் அதை நேர்மாறாக்கும் முறை 1954இல் அமெரிக்காவில் பொது நியமமாயிற்று. ஆனால் மின்சுற்றால் முழுமையாகத் தீர்க்க முடியாத குறை ஒன்று எஞ்சியது. தட்டு மாறாத வேகத்தில் சுழல்வதால், விளிம்பில் நொடிக்கு ஏறத்தாழ 50 செ.மீ. பள்ளம் ஊசியைக் கடக்க, மையத்தருகே சுமார் 21 செ.மீ. மட்டுமே கடக்கிறது; ஒரு நொடி இசை பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கப்படுவதால், அங்கே உயர்ந்த ஒலிகள் மங்கி, உரத்த ஒலிகள் சிதைகின்றன. ஆகவே முழக்கமான பாடலைப் பக்கத்தின் தொடக்கத்திலும் மென்மையானதை முடிவிலும் வைப்பது ஒரு வழக்கமாயிற்று.

பிங்க் ஃபிளாய்ட் குழுவின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ (1973) தொகுப்பில் முதல் பக்கம் பியானோவும் சொற்களற்ற பெண்குரலுமாக அடங்கி முடிய, தட்டைத் திருப்பியதும் நாணயங்களின் கலகலப்பும் கல்லாப்பெட்டியின் ஓசையும், மிஸ்ரம் என நாம் சொல்லும் ஏழு எண்ணிக்கையில் ‘மனி’ பாடலைத் தொடங்கிவைக்கின்றன. இடையில் விழும் அந்த மௌனமும் இசையமைப்பின் ஒரு பகுதியே.

வினைலின் ஒலியே துல்லியமானது என்ற வாதத்துக்கு அளவீடுகள் துணைநிற்பதில்லை. பின்னணி இரைச்சல், சிதைவு இரண்டிலும் குறுவட்டே மேலானது. இருந்தும் 2020இல் அமெரிக்காவில் வினைல் விற்பனை வருவாய் 1986க்குப் பிறகு முதன்முறையாகக் குறுவட்டை விஞ்சியதற்கு, நினைவோடு தொடர்புடைய காரணங்களையும் தேட வேண்டும்.

பத்து முதல் முப்பது வயதுக்குள் அனுபவித்தவை பிற்காலத்தில் மிகுதியாக நினைவுக்கு வருவதை உளவியலாளர் ‘நினைவு மேடு’ என்பர். கார்னெல் பல்கலைக்கழகத்தின் கேரல் கிரம்ஹான்ஸல் 2013இல் உடன் ஆய்வாளர் ஒருவருடன் வெளியிட்ட ஆய்வில், இருபது வயதையொட்டிய இளைஞர்களிடம், அவர்களின் பெற்றோர் இளமையில் கேட்ட 1980களின் தொடக்க இசைக்கும், அதற்கும் முந்திய 1960களின் இசைக்கும் இத்தகைய மேடுகள் தென்பட்டன. பின்னதற்கு, தாத்தா பாட்டி வழி வந்த பழக்கமோ அக்கால இசையின் தரமோ காரணமாகலாம் என்றனர் ஆய்வாளர்கள்; வீட்டில் ஒலித்ததே வேர்விடும் என்னும் முதற்காரணமே வலுவானதாகத் தோன்றுகிறது. அவ்வாறு எதுவும் ஒலிக்காத வீட்டில் வளர்ந்து பின்னாளில் இவ்விசைக்கு வருபவருக்கு, திரும்பத் திரும்பக் கேட்டு அடுத்த திருப்பத்தை மனம் எதிர்பார்க்கப் பழகுவதே வழி. ஊசியைத் தூக்கி வேறு பாடலுக்கு மாற்றுவது சிரமமான இசைத்தட்டு, அவரை ஒரு பக்கத்தை முழுதாக, அதே வரிசையில், பலமுறை கேட்க வைக்கிறது.