பற்றெண்ணிக்கையும் கணினிப் பொருள்களின் ஆயுளும்

கணினியின் நினைவகம் அளவுக்குட்பட்டது. செய்நிரல் ஒன்று தனக்கு வேண்டிய இடத்தைக் கேட்டுப் பெறும். வேலை முடிந்ததும் மீள ஒப்படைக்கும். பெறுபவரும் ஒப்படைப்பவரும் ஒருவரேயாயின் இடர்ப்பாடு யாதுமில்லை. ஒரே பொருளைப் பலர் பற்றிநிற்கும்போதே, அதனை அழிப்பவர் யார், அழிப்பது எப்போது என்னும் வினா எழுகின்றது. உரிய காலத்துக்கு முன் அழித்தால், மற்றொருவர் அவ்விடத்தில் பழைய பொருள் இன்னும் உண்டெனக் கருதிப் படிப்பர்; அன்றேல், அங்கே புதிதாகக் குடிபுகுந்த வேறொன்றின்மேல் எழுதிவிடுவர். அழிக்காது விட்டாலோ இடம் வீணே அடைபட்டுக் கிடக்கும்.

ஜோர்ஜ் கொலின்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இதற்கு 1960 இல் ஒரு வழி கூறினார். ஒவ்வொரு பொருளோடும் ஓர் எண்ணை வைத்தல் வேண்டும். பற்றுவோர் ஒவ்வொருவரும் அதில் ஒன்றைக் கூட்டுவர்; விடுவோர் ஒன்றைக் கழிப்பர். எண் பூச்சியமாகும் கணத்தில், கடைசியாக விட்டவரே பொருளை அழிப்பர். பந்தலைவிட்டுக் கடைசியாக வெளியேறுபவர் விளக்கை அணைப்பது போன்றது இது. 'ரெபரன்ஸ் கவுண்டிங்' எனப்படும் இம்முறையை ஈண்டுப் பற்றெண்ணிக்கை என்போம். இரு பொருள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டால் எண் ஒருபோதும் பூச்சியமாகாது என்னும் குறையும் இதற்குண்டு. அது தனியே ஆராயத்தக்கது.

பணிசெயல் முறைமையின் கருவாகிய 'கேர்ணல்' பகுதியில், அதிலும் வட்டுகளில் தரவைப் படித்தெழுதும் கூற்றில், இம்முறை கடுஞ்சோதனைக்கு உள்ளாகின்றது. சுழல்வட்டிலிருந்து ஒரு துண்டைப் படிக்கச் சில மில்லிசெக்கன்கள் செல்லும். அதற்குள் செயலி பல இலட்சம் கட்டளைகளை நிறைவேற்ற வல்லது. ஆதலின் வேண்டுகோளை விடுத்த செய்நிரல் காத்திராது தன் வேலையைத் தொடரும். வட்டு தன் பணி முடிந்ததும் இடைமறித்து அறிவிக்கும். அப்போது முடிப்புச் செயற்கூறு ஒன்று, சிலவேளை வேறொரு செயலியிலேயே, இயங்கும்.

லினக்ஸ் முறைமையை எடுத்துக்கொள்வோம். அதில் வட்டுக்குச் செல்லும் வேண்டுகோள் 'பயோ' என்னும் பொருளாக உருப்பெறும். எந்த வட்டு, அதன் எந்தப் பகுதி, நினைவகத்தின் எந்தப் பக்கங்கள் என்பன அதில் அடங்கும். செய்நிரலில் அனுப்பும் வரி முன்னும், பயோவின் நிலையைப் பார்க்கும் வரி பின்னும் எழுதப்பட்டிருக்கலாம். கண்ணுக்கு இவ்வொழுங்கு குற்றமற்றதாகவே தோன்றும். ஆயின், அனுப்பும் செயற்கூறு திரும்பி வருமுன்னரே வட்டு வேலையை முடித்துவிடக்கூடும். முடிப்புச் செயற்கூறு இருந்த ஒரே பற்றையும் விட்டுப் பயோவை அழித்துவிடக்கூடும். அடுத்த வரி படிப்பது அழிந்துபோன இடத்தையே.

பரிகாரம் யாதெனின், அனுப்புமுன் 'பயோ கெற்' என்பதனால் ஒரு பற்றைக் கூட்டி, பார்த்து முடித்தபின் 'பயோ புட்' என்பதனால் விடுதலாம். அனுப்பியபின் கூட்டுவதாற் பயனில்லை; கூட்டச் செல்லும்போது எண்ணும் பொருளோடு சேர்ந்து மறைந்திருக்கலாம். தம் கையில் ஏற்கெனவே பற்றுள்ளவரே புதியதொரு பற்றை உண்டாக்கலாம் என்பது இத்துறையின் அடிப்படை விதி. இதனை மீறிய பிழை மெதுவான வட்டிலே தலைகாட்டாது கிடந்து, விரைவான சேமிப்புச் சாதனத்தில் வெளிப்படக்கூடும். சோதனை மட்டும் போதாது. செய்நிரலைக் கற்றுத் தெளிதலே பெரிதும் உதவும்.

கூட்டலும் கழித்தலும் பிளவுபடாத செயல்களாதலும் வேண்டும். எண் 2 ஆக இருக்கையில் இரு செயலிகள் ஒருங்கே அதனைப் படித்து, ஒவ்வொன்றும் 1 என எழுதினால், பற்றுவோர் எவருமின்றியே அப்பொருள் எஞ்சிநிற்கும்.

எண் மிகுவதிலும் ஆபத்துண்டு. லினக்ஸ் கருவின் திறவுகோல்களைப் பேணும் பகுதியில் இத்தகைய பிழையொன்று 2016 இல் வெளிவந்தது. அது வட்டுப் பகுதியன்று; நோய் ஒன்றே. ஒரு கிளைவழியில் பற்றை விட மறந்தமையால் ஒவ்வோர் அழைப்பிலும் எண் ஒன்று கூடியது. 32 துணுக்கு எண்ணாதலின் 4,294,967,296 அழைப்புகளில் அது சுற்றிவந்து பூச்சியமாகும்; பயனிலிருக்கும் பொருள் அழிக்கப்படும்; சாதாரணப் பயனர் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற அது வழிதிறந்தது.

2017 இல் வெளிவந்த 4.11 ஆம் பதிப்பில், இதற்கெனத் தனி எண்வகையொன்று சேர்க்கப்பட்டது. அவ்வெண் உச்சத்தை எட்டினால் மேலும் ஏறாது, இறங்கவும் மாட்டாது. அப்பொருள் பின்னர் ஒருநாளும் அழிக்கப்படாது; அதன் இடம் வீணாகும். கரு அதனைப் பொறுத்துக்கொண்டு, பதிவேட்டில் ஓர் எச்சரிக்கையை எழுதிவைக்கும்.