ஃப்ளைதுபாய் மதுரைக்கு வராதது ஏன்? 'இந்தியா முடிவெடுத்தது' என்றால் யார் எடுத்தது?

மதுரையில் இருந்து துபாய்க்கு ஸ்பைஸ்ஜெட் பறந்திருக்கிறது. அதே போயிங் 737 ரக விமானங்களை வைத்திருக்கும் துபாயின் ஃப்ளைதுபாய் மட்டும் இங்கே இறங்க முடியாது. அதனால் ஓடுதளத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது.

சிக்கல் இரு நாட்டு விமான ஒப்பந்தத்தில் இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனங்கள் எந்தெந்த ஊருக்கு வரலாம், வாரத்துக்கு எத்தனை இருக்கை என்பதை அதுதான் முடிவு செய்கிறது. அந்த ஊர்ப் பட்டியலுக்கு 'பாயின்ட் ஆஃப் கால்' என்று பெயர். துபாய் பட்டியலில் மதுரை இல்லை. இந்திய நிறுவனங்களுக்கு இந்தத் தடை கிடையாது.

சரி, ஏன் சேர்க்கவில்லை? இங்கேதான் கிரஹாம் அலிசன் உதவுகிறார். 1962 கியூபா ஏவுகணை நெருக்கடியை ஆராய்ந்து 1971-ல் புத்தகம் எழுதிய அமெரிக்கப் பேராசிரியர் இவர். ஒரு நாட்டின் முடிவை மூன்று விதமாகப் பார்க்கலாம் என்றார்.

முதல் பார்வையில் நாடு என்பது லாப நஷ்டம் பார்க்கும் ஒரே ஆள். வளைகுடா விமானங்களுக்குக் கதவைத் திறந்தால், லண்டன் போகிறவரும் துபாய் வழியாகவே போவார். இந்திய நிறுவனங்களுக்கு அடி. அதனால் இருக்கைகளை இந்தியா சுலபமாகக் கூட்டுவதில்லை. நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால், இருக்கை எண்ணிக்கையைக் கூட்டாமலே ஊர்ப் பட்டியலில் மதுரையைச் சேர்க்கலாமே? இந்தக் கேள்விக்கு முதல் பார்வையில் பதில் இல்லை.

இரண்டாவது, நாடு என்பது அலுவலகங்களின் கூட்டம்; பழைய ஃபைல்தான் அடுத்த ஃபைலுக்கு வழிகாட்டி. ஆசியான் நாட்டு விமானங்கள் தாராளமாக வந்துபோகலாம் என்று இந்தியா திறந்துவிட்ட 18 சுற்றுலா இடங்களில் திருச்சி உண்டு, மீனாட்சி அம்மன் கோயில் இருக்கும் மதுரை இல்லை! ஒருமுறை விடுபட்ட ஊர், அடுத்த பேச்சுவார்த்தை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

மூன்றாவது, பேரம். வெளியுறவு அமைச்சகத்துக்கு நட்பு நாட்டின் கோரிக்கை முக்கியம். விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு உள்நாட்டு நிறுவனங்களின் குரல் கேட்கும். மதுரை எம்.பி. சு.வெங்கடேசன், விருதுநகர் எம்.பி. மாணிக்கம் தாகூர் போன்றவர்கள் மதுரைக்காகக் குரல் கொடுக்கிறார்கள். பேச்சுவார்த்தை மேஜையில் இவர்களுக்கு நாற்காலி இல்லை. மாநில அரசுக்கும் இல்லை; வெளியுறவு மத்திய அரசின் அதிகாரம்.

அப்போ கொழும்பில் இருந்து ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் மட்டும் மதுரைக்கு எப்படி வருகிறது? இலங்கையுடனான ஒப்பந்தம் வேறு. 2016 விமானக் கொள்கையிலேயே சார்க் நாடுகளுக்குத் திறந்த வானம் என்று இந்தியா அறிவித்தது. அண்டை நாட்டுக்கு ஒரு கணக்கு, வளைகுடாவுக்கு இன்னொரு கணக்கு.

'சர்வதேச விமான நிலையம்' என்ற அந்தஸ்து இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஊரில் பலர் நினைக்கிறார்கள். அந்த அறிவிப்பு வேறு, இந்தப் பட்டியல் வேறு. போர்டு மாறினாலும், பட்டியலில் பெயர் ஏறாதவரை ஃப்ளைதுபாய் வராது. பரமக்குடியில் இருந்தும் தேனியில் இருந்தும் துபாய் வேலைக்குப் போகிறவர்கள், மதுரையில் டிக்கெட் கிடைக்காத நாளில் திருச்சிக்கோ கொச்சிக்கோ வண்டி பிடிக்க வேண்டியதுதான்.