உங்களுக்குத் தெரியுமா? நெடுந்தீவு எந்த நிரலில் ஒளிந்திருக்கிறது!

நெடுந்தீவுக்குத் தமிழில் 5 எழுத்து. அதன் இன்னொரு பெயரான டெல்ஃப்டுக்கு ஆங்கிலத்திலும் 5 எழுத்து. ஆனால் யூடிஎஃப்-8 முறையில் கணினிக்குள் போனதும் டெல்ஃப்ட் 5 பைட், நெடுந்தீவு 30 பைட்!

ஊர்காவற்றுறை அதையும் மிஞ்சுகிறது. எழுத்து 7, பைட் 36!

2005 இல் தொடங்கிய நூலகம் இணைய நூலகத்தில் ஏதாவது ஒரு நூலின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஆசிரியர், வெளியீட்டாளர், மொழி, பக்கங்கள் என்று விவரம் தனித்தனியாக இருக்கும். இப்படி ஒரு பட்டியலில், நெடுந்தீவும் ஊர்காவற்றுறையும் அடங்கிய யாழ்ப்பாணத் தீவகத்து நூலைத் தேடுகிறீர்கள். ஊர்ப்பெயர் எங்கே இருக்கும்? கோயில் மலரென்றால் தலைப்பில். ஊர்ச்சங்கம் போட்ட புத்தகமென்றால் வெளியீட்டாளர் நிரலில், அதாவது அந்த நெடுக்கு வரிசையில். ஆசிரியர் தன் பெயருக்கு முன்னால் ஊரைச் சேர்த்திருந்தால் அங்கே! தலைப்பை மட்டும் தேடினீர்களோ, மற்ற இரண்டும் கையை விட்டு நழுவிவிடும்!

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஓர் அட்டவணைக்கு 1,600 நிரல் வரை வைக்கலாம். அத்தனையையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தேட வேண்டுமா? வேண்டாம்! ஒரு முழு நிரையையே, அதாவது கிடை வரிசையையே, ஒரே நீள எழுத்தாக மாற்றச் சொல்லி, அதற்குள் தேடலாம். ஒரே வரி!

எஸ்க்யூஎல் சர்வரில் இன்னும் சுருக்கம். 'கன்டெய்ன்ஸ்' கட்டளைக்குள் நிரலின் பெயருக்குப் பதில் ஒரு நட்சத்திரக் குறி. சொல்லடைவு போட்டு வைத்த எல்லா நிரலும் அதில் அடக்கம்!

உங்கள் கைபேசிக்குள் இருக்கும் குட்டித் தரவுத்தளம் எஸ்க்யூலைட். அதன் எஃப்டிஎஸ்5 தேடலுக்கு நிரலின் பெயரே சொல்ல வேண்டாம். சொல்லாவிட்டால் எல்லா நிரலையும் தானே துழாவும்!

இதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் 'கன்கேட்' கொண்டு 10 நிரல்களை ஒட்டித் தேடுகிறீர்கள். ஒன்பதில் விவரம் இருக்கிறது, ஒன்றில் மட்டும் 'நல்', அதாவது வெறுமை. என்ன நடக்கும்? பத்தும் சேர்ந்து வெறுமையாகிவிடும்! தலைப்பிலேயே நயினாதீவு என்று பளிச்சென்று இருந்தாலும், பதிப்பாண்டு பதியாத ஒரே குற்றத்துக்காக அந்த நூல் தேடலில் வராது! 'கன்கேட்_டபிள்யூஎஸ்' என்று மாற்றி, நிரல்களுக்கு முன்னால் ஒரு பிரிப்புக் குறியையும் கொடுங்கள். வெறுமையைத் தாண்டிப் போய்விடும். கட்டளையின் பெயரில் கூடியது 3 குறிதான்!

அடுத்தது நம் மொழிக்கே உரிய விந்தை. நெடுந்தீவு என்று தேடினால் 'நெடுந்தீவில்' வராது! 'வு' அங்கே 'வி' ஆகிவிட்டதே! கடைசி உகரத்தை எடுத்துவிட்டு 'நெடுந்தீவ' என்று தேடிப் பாருங்கள். நெடுந்தீவு, நெடுந்தீவில், நெடுந்தீவின், நெடுந்தீவார் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஓர் எழுத்துக் குறியைக் குறைத்தால் ஊரே கூடுகிறது!

ஊர்காவற்றுறைக் கடலில் நிற்கிறதே கடற்கோட்டை, அதன் பெயரைக் கணினியில் இரண்டு விதமாக எழுதலாம். 'கோ'வின் ஓகாரக் குறியை ஒன்றாகத் தட்டினால் மொத்தம் 10 குறியீடு. இரட்டைச் சுழிக் கொம்பும் காலுமாகப் பிரித்துத் தட்டினால் 11! கண்ணுக்கு ஒரே கோட்டை. சீர்படுத்தாத தேடலுக்கு இரண்டு கோட்டை!

சொல்லின் முன்னும் பின்னும், 'இங்கே எதுவும் வரலாம்' என்று பொருள்படும் சதவீதக் குறி போட்டுத் தேடினால், தேடலை விரைவாக்கும் வழக்கமான சுட்டி கைகொடுக்காது. ஒரு லட்சம் நிரை, 20 நிரல் என்றால் 20 லட்சம் கட்டத்தைப் புரட்ட வேண்டி வரலாம்! புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி முன்கூட்டியே ஒன்று கட்டி வைத்தால் நேரே அந்தப் பக்கத்துக்கே போய்விடும். அப்படிக் கட்டும்போது 'நெடுந்தீவில்' போன்ற சொல்லின் அடியைப் பிரித்தறியும் வசதி போஸ்ட்கிரெஸ்ஸில் தமிழுக்கும் வந்துவிட்டது. 12ஆம் பதிப்பு, 2019!

ஒல்லாந்தர் காரைதீவுக்கு வைத்த பெயர் ஆம்ஸ்டர்டாம். வேலணைக்கு லெய்டன்! பழைய ஆவணப் பட்டியலில் இந்தப் பெயர்களையும் போட்டுத் தேடுங்கள். நம் ஊர் கிடைக்கும்!

பெயர் மாற்றத்தில் ஊர்காவற்றுறைதான் ராணி. ஊர்காவற்துறை என்றும் எழுதுகிறார்கள், ஊர்காவல்துறை என்றும் எழுதுகிறார்கள். நயினாதீவில் பராக்கிரமபாகு மன்னனின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. யானையும் குதிரையும் ஏற்றி வந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு என்று சொல்லும் கல்வெட்டு அது. அதில் இந்தத் துறையின் பெயர் ஊராத்துறை!

இப்போது தலைப்பு நிரலில் 'ஊர' என்று தட்டுங்கள். நடுவில் ஒரு சதவீதக் குறி. பிறகு 'றை'. இரண்டு ஓரத்திலும் சதவீதக் குறி. ஊர்காவற்றுறை, ஊர்காவற்துறை, ஊர்காவல்துறை, கல்வெட்டின் ஊராத்துறை, நான்கும் ஒரே வலையில்! தட்டியது மொத்தம் 7 குறி. அகப்பட்டது 800 ஆண்டுக்கு மேல்!